மங்கும் திரை: கொச்சங்காடிக் காற்றில் ஒரு புரொஜெக்‌ஷன் டிவி

பெரிய புரொஜெக்‌ஷன் டிவியில் படம் மங்கினால் நம் தெருக்களில் இரண்டு தீர்ப்புகள்தான் வழக்கம். பழைய பெட்டி என்றால் "டியூப் வீக்", சற்றுப் புதியது என்றால் "லேம்ப் போச்சு". இரண்டும் சில நேரம் உண்மை. ஆனால் கொச்சங்காடி போன்ற காயலோரப் பகுதியில் இவை பெரும்பாலும் அவசரத் தீர்ப்புகள் என்பது என் கருத்து. இங்கே ஒளி பிறக்கும் இடத்தைவிட, அது திரைவரை கடந்துவரும் வழிதான் முதலில் கெடுகிறது. லென்ஸ், கண்ணாடி, கூலன்ட், திரை என்று அந்த வழியை ஒருமுறை பார்க்காமல் லேம்ப் வாங்குவதும் டியூபை "பூஸ்ட்" பண்ணுவதும் வீண் செலவு. பெட்டிக்கும் கேடு.

கொச்சங்காடி மட்டாஞ்சேரியின் மிகப் பழைய பகுதிகளில் ஒன்று. இங்கிருந்த யூதர்களின் ஜெபாலயக் கல்வெட்டு 1344-ஐச் சேர்ந்தது. அந்தக் கல் இன்று யூதத் தெருவின் பரதேசி ஜெபாலயச் சுவரில் இருக்கிறது. செம்பிட்டப்பள்ளி மசூதியும் இங்கேதான். சற்றுத் தள்ளி நடந்தால் பஜார் ரோட்டின் அரிசி, மிளகு, சுக்கு, மஞ்சள் கிடங்குகள். தமிழ், மலையாளம், கொங்கணி, கச்சி, உருது எல்லாம் இந்தச் சில தெருக்களில் காதில் விழும். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் இல்லாத குடும்பம் குறைவு. 2000-களின் முதல் பாதியில், தட்டைத்திரை டிவி எட்டாத விலையில் இருந்தபோது, பெரிய படம் வேண்டும் என்றவர்களுக்கு இருந்த வழி இந்தப் பின்புறப் புரொஜெக்‌ஷன் பெட்டிதான். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, சக்கரம் வைத்து, அலமாரி போல நிற்கும். ஜன்னல் வழியே காயல் காற்று வரும் வரவேற்பறையில் அதை நிறுத்திவைத்தார்கள்.

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. ஜூனில் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் துணி காயாது, செருப்பில் பூசணம் பூக்கும், அரிசிப் பானைக்குள் கைவிட்டால் ஈரம் தட்டும். கடலின் உப்பு, கிடங்குகளின் தூசு, அடுப்பங்கரையின் எண்ணெய்ப் புகை மூன்றும் அந்த ஈரத்தோடு சேர்ந்து பெட்டிக்குள் போகின்றன. குளிர்நாட்டு வரவேற்பறையை மனத்தில் வைத்து எழுதிய சர்வீஸ் மேனுவலில் இதற்கென்று தனி அத்தியாயம் இருக்காது. அதனால்தான் அந்த மேனுவலின் வரிசையை அப்படியே பின்பற்றும் மெக்கானிக் இங்கே தடுமாறுகிறார்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. நல்ல மெக்கானிக் வீட்டுக்காரரிடம் முதலில், "இக்கா, எப்போலேர்ந்து டல்லடிக்குது?" என்றுதான் கேட்பார். நேற்றுவரை பளிச்சென்று இருந்து இன்று திடீரென்று மங்கியதா, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்ததா? திடீர் மங்கல் மின்சுற்றின் வேலை. மெல்லக் குறைவது தூசு, பூசணம், தேய்மானம். இதில் ஒரு சிக்கல், மெல்லக் குறைவதைக் கண் பிடிப்பதில்லை. திரையின் ஒளி பாதியாகக் குறைந்தாலும் நம் கண்ணுக்கு அது கால்வாசி குறைந்ததாகவே படும். எனவே வீட்டுக்காரர் "கொஞ்ச நாளாத்தான்" என்று சொல்லும்போது பெட்டி ஏற்கெனவே பாதி ஒளியை இழந்திருக்கும்.

அடுத்த கேள்வி, எது மங்கல்? ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்திப் பாருங்கள். டிவியின் சொந்த மெனு எழுத்துகள் வெண்மையாக, கூர்மையாகத் தெரிந்து, நிகழ்ச்சி மட்டும் மங்கலாக இருந்தால் டிவிமேல் குற்றமில்லை. சிக்னல் குறைவாக வருகிறது. ஒரே செட்டாப் பாக்ஸிலிருந்து ஒய்-கனெக்டர் போட்டு வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் சேர்த்து வீடியோ வயர் இழுத்திருக்கும் வீடுகள் ஏராளம். ஒரு டிவிக்குப் போக வேண்டிய சிக்னலை இரண்டு 75 ஓம் டிவிகள் இழுக்கும்போது அதன் அளவு மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிடும். படுக்கையறை வயரைக் கழற்றினால் படம் உடனே தேறும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பின்பக்கத் திருகுகளைக் கழற்றுபவரிடம் பெட்டியைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

மூன்றாவது, எங்கிருந்து பார்க்கிறார்கள்? புரொஜெக்‌ஷன் திரை வெறும் வெள்ளைத் துணி அன்று. உள்பக்கம் வட்ட வட்டமாகப் பள்ளம் வெட்டிய ஃபிரெனல் தகடு. அதற்கு முன்னால் செங்குத்துக் கோடுகளாக நுண்ணிய லென்ஸ்கள் வரிசையிட்ட லென்டிகுலர் தகடு. இந்த இரண்டும் கிடைத்த ஒளியை இடம் வலமாகத் தாராளமாகப் பரப்பும். மேலும் கீழும் மிகக் கஞ்சத்தனமாகவே விடும். சோபாவில் உட்காரும் உயரத்துக்கு வடிவமைத்தது அது. நம் வீடுகளில் பிள்ளைகள் பாயில் உட்காருவார்கள், பெரியவர்கள் நாற்காலியில், யாராவது ஒருவர் வாசற்படியில் நின்றுகொண்டு பார்ப்பார். நிற்பவருக்கும் பாயில் இருப்பவருக்கும் படம் மங்கல். நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும் சரி. ஈரம் வரும் என்று பெட்டியை மரப்பலகைமேலோ சிமென்ட் திண்ணைமேலோ தூக்கி வைத்த வீடுகளில் நாற்காலிக்காரருக்கும் மங்கல்தான். உட்கார்ந்தபடி படத்தைப் பார்த்துவிட்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் மெல்ல எழுந்து நின்று பாருங்கள். ஓர் உயரத்தில் படம் பளிச்சிட்டால் பெட்டியின் மட்டத்தை மாற்றினால் போதும்.

அறை வெளிச்சமும் இதோடு சேர்ந்தது. 2002 உலகக் கோப்பைக் கால்பந்து கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்தது. ஆட்டங்கள் நம் நேரப்படி பகல் 12 மணி, 2.30, மாலை 5 மணிக்கு. வாசல் திறந்த கிளப் அறையில், பட்டப்பகலில், புரொஜெக்‌ஷன் பெட்டியில் ஆட்டம் பார்த்தால் சட்டையின் நிறம் தெரியாது. 2006-ல் ஜெர்மனியில் நடந்தபோது ஆட்டங்கள் நமக்கு மாலை 6.30-க்குப் பிறகு. நான்கு வயது கூடியிருந்தும் அதே மாதிரிப் பெட்டி இரவில் நன்றாகவே காட்டியிருக்கும். பகலில் மங்கல், இரவில் சரி என்றால் திரைச்சீலைதான் மருந்து. ரிமோட்டை எடுத்து கான்ட்ராஸ்டை நூறுக்கு ஏற்றுவது மருந்தன்று. டியூபின் ஆயுளைத் தின்னும் வேலை.

இவ்வளவையும் கடந்த பிறகுதான் பெட்டிக்குள் போக வேண்டும். உள்ளே போனால் எந்தச் சாதி இயந்திரம் என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் மூன்று வகைகளுக்கும் நோய் வேறு வேறு.

முதல் வகையில் மூன்று சிறிய பிக்சர் டியூப்கள் அடிப்பாகத்தில் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றும் பெரும்பாலும் 7 அங்குலம். அவை மேல்நோக்கி எறியும் படத்தைப் பின்சுவரில் சாய்த்து வைத்த பெரிய கண்ணாடி திருப்பித் திரைமேல் போடும். 50 அங்குலத் திரையை நிரப்ப வேண்டிய ஒளியை 7 அங்குல முகத்திலிருந்து கறக்க வேண்டியிருப்பதால் இந்த டியூப்கள் கடுமையாகச் சுடும். அந்தச் சூட்டைத் தணிக்க டியூபின் முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே எத்திலீன் கிளைகாலும் கிளிசரினும் கலந்த கூலன்ட் நிரம்பியிருக்கும். ஒளி இந்தத் திரவத்தைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

கொச்சங்காடிக் கதையின் கரு இந்தத் திரவம். ஆண்டுகள் போகப்போக அது கலங்குகிறது. அறையை இருட்டாக்கி, முன்பக்கத் தகட்டைக் கழற்றி, டிவி ஓடும்போது லென்ஸ்களுக்குள் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் தெரியும். நல்ல கூலன்ட் என்றால் டியூபின் முகத்தில் ஓடும் சின்னப் படத்தை லென்ஸ் வழியே தெளிவாகப் பார்க்கலாம். கெட்டுப்போனது என்றால் அந்தப் படத்துக்கு முன்னால் பால் கலந்த பனி நிற்கும். ஓரங்களில் பஞ்சு நூல் போன்ற வெள்ளை இழைகள், சில இடங்களில் உப்புப் பரல் போன்ற படிவுகள். பச்சை டியூபில் அந்த இழைகள் பாசி படர்ந்த குளத்தின் அடியைப் போலவே தோன்றும்.

கலங்கிய கூலன்ட் ஒளியை முழுக்க விழுங்குவதில்லை, சிதறடிக்கிறது. இதைத்தான் கவனிக்க வேண்டும். டியூப் தேய்ந்திருந்தால் படம் இருட்டாகும், ஆனால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். கூலன்டோ லென்ஸோ அழுக்கு என்றால் வெள்ளை குறைவதோடு கறுப்பும் சாம்பலாகும். சோதனை எளிது. படம் முடிந்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பெயர்கள் ஓடும் நேரத்தைப் பாருங்கள். எழுத்துகளைச் சுற்றிப் புகைவளையம் இருந்தால் அது அழுக்கு. வளையம் இல்லாமல் எழுத்தே சோர்ந்திருந்தால் அது தேய்மானம் அல்லது மின்சுற்று. வளையத்துக்கு ஒரு நிறம் இருந்தால், அந்த நிற டியூபின் கூலன்டைத்தான் மாற்ற வேண்டும்.

இங்கே தூசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்று லென்ஸ்களும் மேல்நோக்கி இருப்பவை. பெட்டிக்குள் மிதக்கும் எதுவும் கடைசியில் அவற்றின்மேல்தான் வந்து படியும். கீழ்நோக்கிச் சாய்ந்த கண்ணாடியில் அவ்வளவு படியாது. பஜார் ரோட்டிலிருந்து வரும் தூசு வெறும் மண் தூசு அன்று. மஞ்சளும் தானிய மாவும் எண்ணெய்ப் பசையும் கலந்தது. மழைக்காலத்தில் ஈரம் ஏறி அது லென்ஸில் ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது. வறண்ட ஊரில் ஊதுபையும் மெல்லிய பிரஷும் போதும் என்றால், இங்கே மைக்ரோஃபைபர் துணியில் காய்ச்சி வடித்த நீரை லேசாக நனைத்து, அழுத்தாமல், நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்தெடுக்க வேண்டியிருக்கும். லென்ஸின் வெளிப்பகுதி பெரும்பாலும் பிளாஸ்டிக். அமோனியா கலந்த ஜன்னல் கிளீனர் பட்டால் பூச்சு போய்விடும், பிறகு எதுவும் செய்ய முடியாது.

பெரிய கண்ணாடியில் இன்னும் கவனம் வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு பின்பக்கம் இருக்கும். இதில் அலுமினியப் பூச்சு முன்பக்கமே, எந்தக் காப்பும் அதிகமில்லாமல் இருக்கும்; இரட்டைப் பிம்பம் வராமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். சில பெட்டிகளில் கண்ணாடியே கிடையாது, பூச்சு ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். வீடு துடைக்கும் துணியால் அதை ஒருமுறை அழுத்தித் துடைத்தால் ஆயுளுக்கும் கோடுதான். உப்புக்காற்றில் இந்தப் பூச்சு ஓரங்களிலிருந்து அரிக்கத் தொடங்கும். ஓர அரிப்பு படத்துக்குள் வராதவரை அதைத் தொடாமல் விடுவதே நல்லது என்பேன்.

கூலன்ட் மாற்றுவது வீட்டில் செய்யும் வேலையன்று. டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் 30 கிலோவோல்ட்டை ஒட்டியது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் அது தங்கியிருக்கும். முறையாக அதை வெளியேற்றத் தெரிந்தவர்தான் கைவைக்க வேண்டும். பழைய திரவத்தை வடித்து, அது இருந்த இடத்தைக் கழுவி, ரப்பர் வளையத்தைப் பார்த்து, குமிழி நிற்காமல் புதியதை நிரப்ப வேண்டும். ரப்பர் வளையம் பழசாக இருந்து கூலன்ட் ஒழுகினால், கீழே இருக்கும் போர்டில்தான் சொட்டும். அந்தப் போர்டோடு டிவியின் கதை முடிந்துபோனதும் உண்டு. சில மாடல்களில் சிவப்பு, பச்சை டியூப்களின் முன் லென்ஸ் நிறமேற்றப்பட்டது. அதை இடம் மாற்றிப் பூட்டினால் நிறம் கெடும். இத்தனை தொல்லை இருந்தாலும், டியூபின் முகத்தில் ஒளிரும் பூச்சான பாஸ்பர் நன்றாக இருக்கும் பெட்டிக்கு இந்த ஒரு வேலை தரும் பலனுக்கு ஈடில்லை. படம் புதிதாக வாங்கிய நாளின் பக்கத்தில் போய் நிற்கும்.

பாஸ்பர் தேய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? நிறமே சொல்லிவிடும். நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 59 சதவீதம், சிவப்பு 30, நீலம் 11. பச்சை டியூப் சோர்ந்தால் படம் முழுதும் சட்டென்று இருண்டு, செம்மை கலந்த ஊதாவாகும். நீல டியூப் செத்தே போனாலும் வெளிச்சம் அவ்வளவு குறையாது, எல்லாம் மஞ்சளடித்துப்போகும். ஒரு பகுதி மட்டும் மங்கலாக இருந்தால் அது எரிந்த தழும்பு. 2003-ல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியாவிஷன் வந்த பிறகு, நாள் முழுதும் மலையாளச் செய்தி ஓடும் வீடுகள் பெருகின. அடிப்பட்டையும் மூலையில் நிற்கும் சின்னமும் அசையாமல் ஒரே இடத்தில் எரிந்தன. அகலத் திரையில் சதுரப் படத்தையே பார்த்தவர்கள் வீட்டில் நடுப்பகுதி தேய்ந்து, இருபக்கமும் புதிதாக நிற்கும். தேய்ந்த பாஸ்பரை மீட்க வழியில்லை. டியூபைப் பூஸ்ட் செய்தால் கேத்தோடு சில மாதம் கூடுதலாக எலெக்ட்ரானைத் தரும். பாஸ்பருக்கு அதனால் எதுவும் கிடைக்காது.

இன்னொரு கெட்ட பழக்கத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். படம் மங்கல் என்று கூப்பிட்டால் சிலர் உள்ளே இருக்கும் ஸ்க்ரீன் கட்டுப்பாட்டை, அதாவது ஜி2 திருகை, ஏற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த நேரத்துக்குப் படம் வெளிச்சமாகத் தெரியும். உண்மையில் கூடியது வெள்ளையன்று. கறுப்பு சாம்பலாக ஏறியிருக்கிறது. இன்னும் ஏற்றினால் திரையில் சாய்கோடுகள் வரும், டியூப் வேகமாகத் தேயும். திடீரென்று மங்கிய பெட்டியில் பார்க்க வேண்டியது ஏ.பி.எல். சுற்று. டியூப்கள் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுக்காமல் காக்கும் காவல் அது. அதிலுள்ள ஒரு ரெசிஸ்டரின் மதிப்பு ஏறிப்போனால், ஆபத்து இல்லாத நேரத்திலும் காவல் விழித்துக்கொண்டு படத்தை அடக்கிவிடும். சில ரூபாய் பாகம். மீட்டர் வைத்துப் பார்ப்பவருக்குப் புலப்படும். திருகைத் திருப்புபவருக்குப் புலப்படாது.

இரண்டாம் வகை, லேம்ப்பும் எல்.சி.டி. தகடுகளும் கொண்டது. மூன்றாம் வகை டி.எல்.பி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் லாரி ஹார்ன்பெக் 1987-ல் உருவாக்கிய, லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் கொண்ட சில்லு அதன் இதயம். இந்த இரண்டுக்கும் பொதுவானது லேம்ப். பிலிப்ஸ் 1995-ல் கொண்டுவந்த யு.எச்.பி. வகை: குவார்ட்ஸ் குமிழுக்குள் பாதரச ஆவி, எரியும்போது 200 பார் அளவுக்கு அழுத்தம், சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் மின்வில். இந்த வகைப் பெட்டி மங்கினால் "லேம்ப் போச்சு" என்பது நியாயமான முதல் ஊகம். கம்பெனிகள் 6,000, 8,000 மணி நேரம் என்று ஆயுள் சொல்லும். அது லேம்ப் அணையும் நேரமன்று, வெளிச்சம் பாதியாகும் நேரம். தினம் 6 மணி நேரம் ஓடினால் 6,000 மணி 1,000 நாளில் முடிந்துவிடும், மூன்று வருஷம்கூட ஆகாது.

அந்தக் கணக்கும் மின்தடை இல்லாத ஊருக்குத்தான். லேம்ப் அணைந்த பிறகு ஃபேன் ஒன்றிரண்டு நிமிடம் ஓடி அதைக் குளிர்விக்க வேண்டும். மழைக்காற்றில் லைன் டிரிப் ஆனால் லேம்ப்பும் ஃபேனும் ஒன்றாக நிற்கும். கொதிக்கும் குமிழ் காற்றில்லாமல் வேகும். கரென்ட் உடனே திரும்பினால், உள்ளே அழுத்தம் இறங்காத லேம்ப் பற்றாது. அதைப் பற்றவைக்கும் பாலஸ்ட் பல ஆயிரம் வோல்ட் துடிப்புகளை மறுபடி மறுபடி அடிக்கும். ஜூன், ஜூலையில் ஒரு மாலைக்குள் இது எத்தனை முறை நடக்கும் என்று இங்கே குடியிருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெபிலைசரைவிட, ஐந்து நிமிடம் தாங்கும் சிறிய யு.பி.எஸ். இந்தப் பெட்டிகளுக்கு முக்கியம். அது ஃபேனைக் காப்பாற்றும், ஃபேன் லேம்ப்பைக் காப்பாற்றும். ஃபேன் வழியிலுள்ள காற்று வடிகட்டியையும் மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் தட்ட வேண்டும். பல்லி முட்டையும் கரப்பான் எச்சமும் அதில் அடைந்து காற்று நின்ற பெட்டிகளுக்குக் குறைவில்லை.

லேம்ப் மாற்றும்போது குமிழை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய் குவார்ட்ஸில் ஒட்டி, சூட்டில் அந்த இடம் வெளுத்துப் பலவீனமாகும். போலி லேம்ப் வேறொரு பிரச்சினை. கூண்டு ஒன்றுபோல இருக்கும். உள்ளே வாட் வேறு, வில்லின் நீளம் வேறு. புது லேம்ப் போட்டும் மங்கல் தீரவில்லை என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்காவது காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் நல்ல லேம்ப்பைப் போட்டுப் பார்க்காமல் மேற்கொண்டு எதையும் கழற்றாதீர்கள்.

நல்ல லேம்ப்புக்குப் பிறகும் மங்கல் என்றால் அடுத்தது இயந்திரத்தின் சொந்த நோய். எல்.சி.டி. வகையில் நீலத் தகட்டின் போலரைசர் முதலில் வெந்துபோகும், ஏனெனில் புற ஊதாக் கதிரோடு நீல ஒளியின் அடியும் அதற்குத்தான் விழுகிறது. திரையில் மஞ்சள் அல்லது நீலத் திட்டுகள் மெல்லப் பரவினால் அதுதான். இந்தத் திட்டுகளுக்காக அமெரிக்காவில் சோனியின்மேல் வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்ததும், சில மாடல்களில் இந்தத் தகடுகள் அடங்கிய ஆப்டிகல் பிளாக்குக்கு உத்தரவாதக் காலம் நீண்டதும் பதிவான செய்தி. கொச்சியில் அதே பாகத்துக்கு அலைந்தவருக்கு அந்த வசதி எட்டவில்லை. பிளாக்கின் விலை டிவியின் மிச்ச மதிப்பைத் தாண்டிவிடும். டி.எல்.பி. வகையில் லேம்ப்புக்கு முன்னால் நான்கு கண்ணாடிப் பட்டைகளை ஒட்டிச் செய்த லைட் டன்னல் என்றொரு சின்னக் குழாய் உண்டு. சூட்டில் பசை இளகி ஒரு பட்டை சரிந்தால், படத்தின் ஓர் ஓரம் நேர்கோடாக இருண்டு மீதியும் மங்கும். நேர்கோட்டு இருட்டு என்றால் லேம்ப்பைக் குறைசொல்ல வேண்டாம். நிறம் தரும் சுழல்தட்டான கலர் வீல் கிளம்பும்போது விசில் அடித்தால் அதன் பேரிங் போகிறது. அது படத்தை மங்க வைக்கும் முன்பே ஒலியால் எச்சரித்துவிடும்.

பழுது பார்ப்பதா, தள்ளிவிடுவதா? டியூப் வகையில் குறை கூலன்டிலும் லென்ஸிலும் மட்டும் இருந்தால் பழுது பாருங்கள், தயங்க வேண்டாம். பச்சை பாஸ்பர் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். புது டியூப் இன்று யாரும் செய்வதில்லை. டி.எல்.பி.யில் லேம்ப்போ டன்னலோ என்றால் இன்னும் பார்க்கலாம். எல்.சி.டி. பிளாக் என்றால் வேண்டாம். பின்புறப் புரொஜெக்‌ஷனை விட்டுவிடுவதாகச் சோனி 2007 டிசம்பரில் அறிவித்தது. கடைசிவரை நின்ற மிட்சுபிஷி 2012 டிசம்பரில் நிறுத்தியது. இனி வரும் உதிரிபாகம் பெரும்பாலும் பழைய பெட்டிகளிலிருந்து கழற்றியவைதான். அதனால் செத்த பெட்டியை ஆக்கர்க்காரருக்கு எடைக்குப் போடுமுன் லென்ஸ், திரை, போர்டுகளை ஒரு மெக்கானிக்குக் காட்டுவது இன்னொரு வீட்டுப் பெட்டிக்கு உயிர் கொடுக்கும்.

படம் ஏன் மங்குகிறது என்ற கேள்வி டிவியோடு முடியவுமில்லை. 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே, மட்டாஞ்சேரிக் கிடங்குகளைக் காட்சிக்கூடங்களாக்கியது. மிளகு மூட்டை அடுக்கிய சுவர்களில் இப்போது புரொஜெக்டர்கள் படம் எறிகின்றன. அதே உப்பு, அதே தூசு, அதே மின்தடை. லேம்ப்புக்குப் பதில் லேசர் ஒளி வந்த புரொஜெக்டர்களில் பாதரசமும் இல்லை, சூட்டோடு திரும்பப் பற்றவைக்கும் தொல்லையும் இல்லை. லென்ஸில் படியும் அழுக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே படம் மங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது வெள்ளை எழுத்தைச் சுற்றிய புகைவளையத்தைத்தான்.

கழற்றிய பழைய லேம்ப்பைக் குப்பையில் போடாதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. கைதவறி உடைந்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் அறையைவிட்டு வெளியே நில்லுங்கள். துடைப்பத்தால் கூட்ட வேண்டாம், அட்டையால் அள்ளி மூடியுள்ள புட்டியில் போடுங்கள். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு எரிந்து நகரம் பல நாள் புகையில் மூச்சுத் திணறியதை மறக்கவில்லை அல்லவா? குப்பைக்குள் போகும் பாதரசமும் அந்தப் புகையோடுதான் கலக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி இத்தகைய விளக்குகளைத் தனியே சேகரிக்க வேண்டும். கேரளத்தில் உள்ளாட்சிகள் வழியாக கிளீன் கேரளா கம்பெனி மின்கழிவை எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம், எடுத்துப்போகும் நாள் எது என்று கேட்டு வைத்துக்கொண்டு, லேம்ப்பை அதன் அட்டைப்பெட்டியிலேயே வைத்துக் கொடுங்கள். வடித்த கூலன்டையும் ஓடையில் ஊற்ற வேண்டாம். எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் சாகும்.